சீனிப் பேணி தெரிந்த மச்சான்

கடந்த செவ்வாய்க்கிழமை நஜீம் நானாவின் கடைக்குக் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் போனேன். வாங்கினேன். காசும் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கையில் குடை இருக்கிறது, பேர்ஸ் இருக்கிறது, பாண் இல்லை. கடை மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

"பாண் எங்க?" என்று கேட்டார் எங்கள் வீட்டு மனிதர்.

பதில் சொல்லாமல் கதிரையில் இருந்துவிட்டேன். பதில் சொல்லாமல் இருக்கிற ஆளில்லை நான் — வாராவாரம் இந்தப் பத்தியை வாசிக்கிற உங்களுக்கே அது தெரியும். என்னோடு குடும்பம் நடத்துகிறவருக்குத் தெரியாதா? மனிதர் பயந்துபோய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். வேறொரு நாளாக இருந்தால் அதை நன்றாக ரசித்திருப்பேன்.

கடையில் என்ன நடந்தது? சொல்கிறேன். அதற்கு முதல் ஒரு பழைய படத்தைப் பற்றி உங்களோடு கதைக்க வேண்டும்.

படத்தின் பெயர் வேண்டாம். கறுப்பு வெள்ளைக் காலத்து வெளிநாட்டுப் படம். எங்கள் வீட்டு மனிதருக்குப் பழைய படங்களைச் சேர்த்து வைக்கிற வியாதி ஒன்று இருக்கிறது. மற்ற ஆண்கள் காணி வாங்குவார்கள், இவர் ஹார்ட் டிஸ்க் வாங்குவார். அதற்குள் கிடந்த படம் அது.

கதை இதுதான். ஒரு நாடக நடிகை. ஊரெல்லாம் அவளுடைய போஸ்டர். ஒரு நாள் மேடையில் லேசாக இருமுகிறாள். மறுநாள் கம்பளிச் சால்வை ஒன்று பார்சலில் வருகிறது. யார் அனுப்பியது? பெயர் இல்லை. கூட நடிக்கிறவர்களுக்குச் சிரிப்பு. அவளுக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான். பிறகு ஒரு சோடி சப்பாத்து வருகிறது — சரியான அளவில். பிறகு, அவள் சின்ன வயதில் வளர்த்த நாயின் படம் வருகிறது. அதோடு சிரிப்பு நின்றுவிடுகிறது.

முதலில் நாடக மண்டபத்துக்கு வந்தவை, பிறகு அவளுடைய கேற்றடிக்கு வருகின்றன. பிறகு மேசைக்கு. பிறகு தலையணைக்கு.

கத்தி இல்லை, துவக்கு இல்லை, இரத்தம் ஒரு சொட்டுக்கூட இல்லை. அவன் அவளை ஒரு கெட்ட வார்த்தை சொல்வதுமில்லை. அன்பாகத்தான் இருக்கிறான். அந்த அன்பு முழுக்க அவனுடையது, அதில் அவளுக்கு ஒரு பங்கும் கிடையாது... பயம் அங்கேதான் இருக்கிறது.

நடிகை கதவுக்கு இரட்டைப் பூட்டுப் போடுகிறாள். காவலுக்கு ஆள் வைக்கிறாள். அவன் மழைத்தண்ணிக் குழாயைப் பிடித்து ஏறி ஜன்னலால் இறங்குகிறான். அந்த இடத்தைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். பாவம், வெளிநாட்டுக்காரன்! குழாய் பிடித்து ஏற வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கம் என்றால் சந்தியில் இருந்து வீட்டு வாசல் வரை நாங்களே கூட்டிக்கொண்டு போய் விட்டிருப்போம்.

இப்போது அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அந்தப் படத்தை முதன்முதல் நான் பாதிவரை பார்த்தது றிஸானாவோடு; மிச்சத்தைப் பிறகு தனியாகத்தான் பார்த்தேன். இது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. இந்தப் பத்தியில் இன்றைக்கு ஒருவருடைய பெயரும் உண்மையில்லை. ஏன் என்று முடிவில் விளங்கும்.

றிஸானாவுக்கு முப்பதை அண்டிய வயது. கலியாணமாகவில்லை. கற்பிட்டிக்குப் போகிற வீதியோரத்தில், மன்னார்ப் பக்கத்தில் இருந்து தொண்ணூறாம் ஆண்டு துவக்கு முனையில் விரட்டப்பட்டு வந்தவர்கள் கட்டிக்கொண்ட குடியிருப்பு ஒன்றில் அவளும் உம்மாவும் இருந்தார்கள். உம்மா சல்மா ராத்தா, எனக்கு நெருங்கிய பழக்கம்; இரண்டு பேருக்கும் நான் டீச்சர். அந்த வருஷம் வள்ளம் வள்ளமாக அவர்கள் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கியதைச் சிறுபிள்ளையாகப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். இறங்கியவர்களுக்குள் சல்மா ராத்தாவும் இருந்தார்.

அவரை வள்ளத்தில் ஏற்றிவிட்டவர் அவருடைய காக்கா, கூடப் பிறந்த அண்ணன். "நீ முன்னுக்குப் போ, நான் அடுத்த வள்ளத்துல வாறன்" என்று சொன்னவர். அடுத்த வள்ளம் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. காக்கா மட்டும் வரவில்லை. இந்தியாவுக்குப் போய்விட்டார் என்று சிலர் சொன்னார்கள். கடலோடு போய்விட்டார் என்று சிலர் சொன்னார்கள். சல்மா ராத்தா இரண்டையும் கேட்டுக்கொண்டார், ஒன்றையும் நம்பவில்லை.

றிஸானா யூடியூபில் சமையல் சனல் ஒன்று நடத்தினாள். முகம் காட்ட மாட்டாள். இரண்டு கைகளும் குரலும் மட்டும்தான். ஆனால் அந்தக் கைகளை எங்கெங்கோ இருந்தெல்லாம் பார்த்தார்கள் — வளைகுடாவில் சமைக்கத் தெரியாமல் தவிக்கிற பொடியன்கள், கனடாவில் கணவாய்க்கு ஏங்குகிற மாமிமார். பேமஸ் என்றால் பேமஸ்தான். கணவாய்க் கறி, கீரிமீன் சொதி, இறால் தலையில் ரசம்... நடுவில் வீட்டுக் கதையெல்லாம் கதைப்பாள். "எங்கட வீட்டுல சீனி எங்க இரிக்கி தெரியுமா? பால்மா எண்டு எழுதின தகரப் பேணிக்குள்ள. பால்மா எங்க? அத வாங்க ஏலாது!" என்று சிரிப்பாள்.

ஒவ்வொரு வீடியோவின் கடைசியிலும் ஒரு வசனம் வரும். "மாமா, நீங்க எங்க இருந்தாலும், இது உங்களுக்குத்தான்."

காணாமல் போன மாமாவுக்கு. அவர் பெயர் என்ன, எந்த ஊர், எந்தக் கரையில் உம்மாவை ஏற்றிவிட்டார், என்ன சொல்லி ஏற்றிவிட்டார், உம்மாவும் தானும் இப்போது எந்தப் பக்கம் இருக்கிறோம் — எல்லாவற்றையும் அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியிருந்தாள். மாமா எங்காவது இருந்து பார்த்துவிட மாட்டாரா என்ற ஆசை. ரசிகர்களுக்கும் அந்த மாமாவை நன்றாகத் தெரிந்திருந்தது.

இனி, எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இடம்பெயர்ந்து வந்த சனம் ஓலைக் கொட்டில்களில் இருந்த காலத்தில், யாராவது வந்து "இன்ன ஊர் இன்னாரைத் தேடி வந்திருக்கிறேன்" என்றால், அடையாள அட்டை கேட்க மாட்டார்கள். கேட்கிற கேள்விகள் இரண்டுதான் — "எந்த ஊர்? யார்ட மகன்?" பதில் சரியென்றால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கொட்டில் வாசலில் விடுவார்கள். பிரிந்த உம்மாவும் பிள்ளையும் அப்படித்தான் சேர்ந்தார்கள். நானாவும் தம்பியும் அப்படித்தான் சேர்ந்தார்கள். கொட்டில்கள் கல்வீடுகளான பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. பெருமையான வழக்கம் என்றுதான் நானும் இதே பத்தியில் முன்பு ஒருமுறை எழுதினேன்.

தலவில தேவாலயத் திருவிழாக் காலம். வீதி முழுக்க யாத்திரைக்காரர்களின் பஸ்கள். புது முகங்களை யாரும் திரும்பிப் பார்க்காத நேரம். ஒரு நாள் பின்னேரம், மடிப்புக் குலையாத ஷேர்ட் போட்ட ஒருவன் நஜீம் நானாவின் கடையில் வந்து நின்றான்.

"எந்த ஊர்?"

ஊரைச் சொன்னான்.

"யார்ட மகன்?"

சல்மா ராத்தாவுடைய காக்காவின் பெயரைச் சொன்னான்.

நஜீம் நானா கடையை அப்படியே போட்டுவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு ஓடினார். கல்லாவைக்கூடப் பூட்டவில்லை. குடியிருப்பே பின்னால் போனது. சல்மா ராத்தா வாசலுக்கு வந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாப்பா போன வருசம் மௌத்தாப் போயிட்டார், மாமி" என்றான் அவன். "கடைசி வரைக்கும் உங்களத்தான் சொல்லிட்டிருந்தார்."

அன்றைக்கு அந்த வீட்டில் அழுத அழுகை... சரி, விடுங்கள். இறந்தவருக்காகக் கத்தம் ஓதினார்கள். முப்பது வருஷத்துக்கு மேலாக வள்ளம் பார்த்துக்கொண்டிருந்த மனுஷி ஓதுகிறவர்களைக் கூப்பிட்டு, அண்டை அயலுக்கெல்லாம் சாப்பாடு கொடுத்து, காக்காவை மனசுக்குள் அடக்கம் செய்தார். நானும் போய்ச் சாப்பிட்டேன். அவனைப் பார்த்தேன். மரியாதையான பிள்ளை. ஷிஹாப் என்று பெயர் சொன்னான்.

அவன் வருவதும் போவதுமாக இருந்தான். வரும்போதெல்லாம் ஏதாவது கொண்டு வருவான். றிஸானா தேங்காய் துருவுகிற துருவலை ஆடுகிறது என்று புதுத் துருவலை. தாச்சியின் கைப்பிடி சுடுகிறது என்று மரக் கைப்பிடி போட்ட தாச்சி. "பாருங்க டீச்சர், எவ்வளவு பாசம்" என்று சல்மா ராத்தா எனக்குக் காட்டினார்.

நீங்கள் இப்போது சால்வையை நினைக்கிறீர்கள் அல்லவா? நான் அப்போது நினைக்கவில்லை. படம் அதற்குப் பிறகுதான் பார்த்தது.

அடுத்த கதை தானாகவே வந்தது. மாமாவின் மகன் என்றால் யார்? மச்சான். முறை மாப்பிள்ளை. உரிமைக்காரன். "தேடி வந்த மச்சான விட வேற மாப்பிள்ள வேணுமா?" என்று குடியிருப்பே பேச ஆரம்பித்தது. அவன் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்கத் தேவையே இருக்கவில்லை, கேட்கிற வேலையை நாங்களே செய்தோம். வந்தவன் சித்தப்பா மகன் என்றோ பெரியம்மா மகன் என்றோ சொல்லியிருந்தால் தம்பி, நானா என்று ஆகியிருப்பான். அவன் எடுத்த உறவைப் பார்த்தீர்களா? யோசித்துத்தான் எடுத்திருக்கிறான்.

இனிப் படத்துக்கு வருவோம். ஒரு வெள்ளிக்கிழமை. ஆண்களெல்லாம் ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரம். றிஸானா எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகம் சரியில்லை. கலியாணக் கதை நடக்கிற பிள்ளை, ஏதோ யோசனை என்று நினைத்தேன். கொஞ்சம் மனசு மாறட்டும் என்று அந்தப் படத்தைப் போட்டேன். நல்ல படத்தைத்தான் தெரிந்தெடுத்தேன், போங்கள்!

நடிகை இல்லாத நேரம் அவன் அவளுடைய அறைக்குள் வருகிறான். அறை இருட்டு. கமரா அவன் கையை மட்டும் காட்டுகிறது. புது இடத்துக்கு வருகிற எவனும் சுவரைத் தடவித்தானே சுவிட்சைத் தேடுவான்? அந்தக் கை தடவவில்லை. நேராகப் போய் சுவிட்சைப் போடுகிறது.

"நிப்பாட்டுங்க டீச்சர்" என்றாள் றிஸானா.

நிறுத்தினேன்.

"அவன் முதல் நாள் வந்தானே... எல்லாரும் முன்னுக்கு அழுதுட்டு இருக்காங்க. நான் குசினிக்குள்ள தேத்தண்ணி ஊத்துறன். 'இரிங்க, நான் சீனி எடுத்துத் தாறன்' எண்டு சொல்லிட்டு உள்ளுக்கு வந்தான்."

"சரி?"

"ராக்கையில எத்தின பேணி இருக்கு, உங்களுக்குத் தெரியும்தானே. நேரே கையப் போட்டு பால்மாப் பேணிய எடுத்தான் டீச்சர். திறந்து பாக்கக்கூட இல்ல."

முப்பது வருஷம் பிரிந்திருந்த குடும்பத்துப் பிள்ளை, முதன்முதலாக வந்த வீட்டில், சீனி எந்தப் பேணியில் இருக்கிறது என்று அறிந்திருக்கிறான்.

"சனல் பாக்கிறவன்தானே, அதுல கண்டிருப்பான்" என்று சமாளிக்கப் பார்த்தேன்.

"நானும் அப்பிடித்தான் நினைச்சன். பிறகு கேட்டன், 'மச்சான் என்ட சனல் பாக்கிறீங்களா' எண்டு. 'அப்பிடி ஒண்டு இரிக்கா? எனக்குத் தெரியாதே' எண்டான்." அவள் விரல்களை நெரித்துக்கொண்டாள். "துருவலை ஆடுது எண்டு நான் அவனுக்குச் சொல்லல்ல. உம்மாவும் சொல்லல்ல. ஒரு வீடியோவுலதான் சொன்னன்."

"உம்மாக்கிட்ட சொன்னியா?"

"என்னெண்டு சொல்ல?" என்றாள். அழுதுவிட்டாள். "உம்மா இப்பதான் அழாமப் படுக்கிறா. இவன் பொய் எண்டு நான் சொன்னா, காக்காட ஆள் வந்ததும் பொய். கத்தம் ஓதினதும் பொய். உம்மா திரும்ப வள்ளம் பாக்கத் தொடங்குவா."

இதுதான் நிலைமை. வாயைத் திறந்தால் உம்மாவுக்குக் கிடைத்த நிம்மதி போகும். திறக்காவிட்டால் அவன் மாப்பிள்ளையாக வந்து அந்த வீட்டிலேயே படுப்பான். படத்தின் கதாசிரியருக்குக்கூட இந்த மாதிரி ஒரு சிக்கல் தோன்றவில்லை.

நான் சொன்னேன், "சொல்லிரு. இண்டைக்கே சொல்லு."

சொல்லியிருக்கிறாள். சல்மா ராத்தா அடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டாராம். இரண்டு நாள் கழித்து எனக்குச் சொல்லியனுப்பினார், "டீச்சரப் பகல் சாப்பாட்டுக்கு வரச் சொல்லு. அவனும் வாறான்."

போனேன். பாய் விரித்து, சஹன் தட்டில் சோறு, கீரிமீன் சொதி, பொரியல். அவன் முதல் கவளத்தை வாயில் வைத்தான். சல்மா ராத்தா எதிரில் இருந்து விசிறிக்கொண்டே, மிகச் சாதாரணமாக, கறி உறைப்பா என்று கேட்கிற குரலில் கேட்டார்.

"மகன், வாப்பா வீட்டுக்குள்ள என்னை என்னெண்டு கூப்பிடுவாரு?"

அவன் சிரித்தான். "சல்மா எண்டுதான் மாமி. வேற என்ன?"

"வேற ஒண்டும் சொல்லமாட்டாரா?"

"சில நேரம்... தங்கச்சி எண்டுவார்."

விசிறி நின்றது. மறுபடி ஆடியது.

"சாப்பிடுங்க" என்றார் சல்மா ராத்தா. "வீட்டுக்கு வந்து சோத்துல கை வச்ச ஆள எழும்பச் சொல்ல மாட்டன். சாப்பிட்டு முடிங்க. முடிச்சிட்டுப் போங்க. இந்த வாசலுக்குத் திரும்ப வராதீங்க."

அவன் திகைத்ததாகத் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் நெஞ்சுக்குள் கிடக்கிறது. மறுக்கவில்லை, கோபப்படவில்லை, கெஞ்சவில்லை. தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டான். கை கழுவினான். றிஸானா நின்ற குசினிப் பக்கம் பார்த்துச் சொன்னான், "சொதிக்கு இண்டைக்குப் புளி கொஞ்சம் குறைவு. வீடியோவுல செய்ற மாதிரி இல்ல." போய்விட்டான்.

கதவை அடைத்த பிறகு சல்மா ராத்தா என் காதுக்குள் வந்து ஒரு பெயரைச் சொன்னார். காக்கா அவரைக் கூப்பிடுகிற செல்லப் பெயர். அந்தக் காக்காவையும் மௌத்தாகிப்போன உம்மா வாப்பாவையும் தவிர ஒருவரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. றிஸானாவே அன்றைக்குத்தான் முதன்முதல் கேட்டாள். வீடியோவில் ஒரு நாளும் வராத பெயர். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

பிறகு அவர் சொன்னது இது. "அப்ப... என்ட காக்கா மௌத்தாகல்ல, டீச்சர்."

அந்த முகத்தில் இருந்தது சந்தோஷமா துக்கமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கத்தம் ஓதி அடக்கிய ஆளை அவர் மறுபடி கடற்கரையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். தானும் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

படமாக இருந்தால் இத்தோடு கதை முடிந்துவிடும். பொலிஸ்காரர் ஒருவர் வருவார், அவனைப் பிடிப்பார், கடைசியில் நடிகையைக் கட்டியும் கொள்வார். நாங்களும் பொலிசுக்குப் போனோம். இருந்தவர் நல்ல மனிதர்தான், பொறுமையாகக் கேட்டார்.

"அடிச்சானா?"

"இல்ல."

"மிரட்டினானா?"

"இல்ல."

"அப்ப என்னதான் செஞ்சான்?"

என்ன சொல்வது? துருவலை வாங்கித் தந்தான் என்றா? வராதே என்ற பிறகும் கேற்றடியில் முருங்கைக்காய் கட்டி வைத்துவிட்டுப் போகிறான் என்றா? பஸ் நிற்கிற இடத்தில் வந்து இருக்கிறான், வீட்டைப் பார்ப்பதுகூட இல்லை, சும்மா இருக்கிறான் என்றா? றிஸானா சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது ஒன்றுமில்லாதது போலக் கேட்டதாம்.

அதைவிடக் கொடுமை எங்கள் சனம். பாதிப்பேர் அவளைத்தான் பிழை சொன்னார்கள். "கையக் காட்டிக் காட்டி வீடியோ போட்டா வராம?" என்றார்கள். அந்தக் கை செய்து அனுப்பிய சம்பலைப் போத்தல் போத்தலாகத் தின்ற வாய்கள்தான் அவை. ஆத்திரத்தில் இரண்டு பேரோடு நான் கதைப்பதை நிறுத்தினேன். இன்னும் கதைப்பதில்லை.

றிஸானா சனலை மூடினாள். போட்ட வீடியோ எல்லாவற்றையும் அழித்தாள். ஆனால் அழித்ததும் போய்விடுகிற காலமா இது? அவற்றை எவரெவரோ எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டு, ஃபோனுக்கு ஃபோன் அனுப்பி, இன்னும் அலைகின்றன. இரண்டு கைகள், ஒரு குரல், கடைசியில் அந்த வசனம்.

பிறகு ஒரு காலை நேரம் சாமான்களை லொறியில் ஏற்றினார்கள். சல்மா ராத்தா முன்சீட்டில் ஏறி இருந்துகொண்டு சொன்னார், "அண்டைக்கு உடுத்த உடுப்போட வந்தன். இண்டைக்கு அலுமாரியோட போறன். முன்னேற்றம்தானே டீச்சர்?" பெற்றவளைத் துவக்கு விரட்டியது. பிள்ளையை அன்பு விரட்டியது.

எங்கே போனார்கள்? உச்சமுனைக்கு என்று சிலர் சொல்கிறார்கள். கொழும்புக்கு என்று சிலர். இரண்டும் நாங்களே கிளப்பிவிட்ட கதைகள். உண்மை தெரிந்தவர்கள் கொஞ்சப் பேர், அதில் நானும் ஒருத்தி.

அதற்குப் பிறகு எங்கள் பக்கம் அந்தப் பழைய வழக்கம் இல்லாமல் போனது. யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை, தானாகப் போனது. "எந்த ஊர்? யார்ட மகன்?" என்று இப்போது ஒருவரும் கேட்பதில்லை. வந்து விசாரித்தால் எல்லாருக்கும் ஒரே பதில்தான்: "தெரியா."

அதிகமாக வெட்கப்பட்டவர் நஜீம் நானாதான். அவனைக் கூட்டிக்கொண்டு ஓடியவர் அல்லவா? ஆகவே இப்போது அதிகமாக "தெரியா" சொல்கிறவரும் அவர்தான்.

இனி, செவ்வாய்க்கிழமை.

பாணைச் சுற்றிக்கொண்டே நஜீம் நானா சொன்னார், "டீச்சர், அந்தப் பேய்ப்பயல் இப்ப ஆள் வச்சுத் தேடுறான் போல. முந்தாநாள் ஒருத்தர் வந்தார்."

"ஆரு?"

"வயசான மனிசன். வெள்ளச் சாரன். பஸ்ஸால இறங்கி நேரே இங்க வந்தார். ஃபோன எடுத்து ஒரு வீடியோவக் காட்டினார். பாத்தா, நம்மட புள்ளட கை! எனக்கு நெருப்பேறிட்டு. 'அப்பிடி ஆக்கள் இங்க இல்ல' எண்டு சொல்லிட்டன். பள்ளிவாசலுக்குப் போனார், அங்கயும் தெரியா எண்டுட்டாங்க. நாலு வீட்டுல கேட்டார், கதவே திறக்கல்ல."

அவருடைய குரலில் ஒரு திருப்தி இருந்தது. இந்தமுறை ஏமாறவில்லை என்ற திருப்தி.

"கொஞ்ச நேரம் அந்த வாங்குப் பலகையில இருந்தார். தண்ணி கேட்டார், குடுத்தன். பிறகு புத்தளம் பஸ்ஸுல ஏறிட்டார்."

"சல்மா ராத்தாவையா கேட்டாரு, றிஸானாவையா?"

"அதான் விசயம்" என்றார் நஜீம் நானா. "ரெண்டு பேரையும் கேக்கல்ல. அப்பிடி ஒரு பேரே நான் கேள்விப்பட்டதில்ல. ஏதோ சின்னப் புள்ளைக்குச் சொல்ற பேர் மாதிரி..."

அந்தப் பெயரைச் சொன்னார்.

பாண் ஏன் மேசையிலேயே கிடந்தது என்று இப்போது விளங்குகிறதா?

நஜீம் நானாவுக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் கடையை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தார். பிறகு வீதிக்கு இறங்கி, புத்தளம் போகிற பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். முந்தாநாள் போன பஸ் அங்கே இருக்குமா?

புத்தளம் பஸ் நிலையம், பள்ளிவாசல்கள், தங்குமிடங்கள்... தெரிந்தவர்களுக்கெல்லாம் ஃபோன் எடுத்துவிட்டோம். இதை எழுதுகிற நேரம் வரை தடயம் இல்லை. அவர் பெயரை ஒருவரும் கேட்டு வைக்கவில்லை, நம்பரும் கேட்டு வைக்கவில்லை. யாரும் எதுவும் கேட்காத ஊராகிவிட்டோமே.

சல்மா ராத்தாவுக்கு இன்னும் சொல்லவில்லை. ஃபோனைக் கையில் எடுக்கிறேன், வைக்கிறேன். என்னவென்று சொல்வது? உங்கள் காக்கா உயிரோடு, ஹயாத்தோடு இருக்கிறார், தேடி வந்தார், நாங்கள் தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டோம் என்றா?

ஒரு பொய்யனைக் கையைப் பிடித்து வாசல் வரை கூட்டிப்போனோம். உண்மையான ஆளை வாங்கில் இருத்தி வைத்து பஸ் ஏற்றினோம். படத்தில் நடிகைக்கு இரட்டைப் பூட்டுப் போடத் தெரிந்தது. ஆனால் பூட்டு ஆள் பார்த்துத் திறக்காது என்று அந்தப் படத்தில் ஒருவரும் சொல்லவில்லை.

ஆகவே, இந்த வாரப் பத்தியில் மிச்சம் இருக்கிற இடம் ஒரே ஒரு வாசகருக்கு. மற்றவர்கள் மன்னிக்க வேண்டும்.

காக்கா, உங்கள் கண்ணில் இது பட வேண்டும் என்று துஆ கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். அவர்கள் போன ஊரின் பெயரை எழுத முடியாது. எந்தப் பக்கம் என்றும் எழுத முடியாது. ஏனென்றால் அவனும் இதை வாசிப்பான், அவன் நல்ல வாசகன், ஒரு வரி விடமாட்டான். அதனால்தான் அந்தப் பெயரையும் எழுதவில்லை. உலகத்தில் அவன் திருட முடியாமல் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

அன்றைக்கு உங்களுக்குத் தண்ணி தந்த அதே கடைக்குத் திரும்பி வாருங்கள். அந்த மனிதர் இப்போது ஒவ்வொரு பஸ்ஸுக்கும் வெளியே வந்து நிற்கிறார். நீங்கள் வள்ளத்தில் ஏற்றிவிட்ட தங்கச்சியை என்னவென்று கூப்பிடுவீர்களோ, அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

அது ஒன்று போதும் — சீனி எந்தப் பேணியில் இருக்கிறது என்று நாங்கள் காட்டுவோம்.